கன்னிமாராவில் மழை

சென்னையில் கன்னிமாரா என்றால் எழும்பூரில் இருக்கும் நூலகம். 1896-இல் திறந்த அந்த நூலகத்தின் மேசைகளில்தான் என் ஆசிரியப் பயிற்சிக் காலம் கழிந்தது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ராபர்ட் பர்க் என்பவர் பிரபு பட்டம் பெற்றபோது அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஒரு நிலப்பகுதியின் பெயரை எடுத்துக்கொண்டார். அவர் வழியாக அது எழும்பூருக்கு வந்தது. டப்ளினில் வேலை பார்க்கும் மகள் எனக்கும் என் கணவருக்கும் சுற்றுலாப் பஸ்ஸில் இடம் பதிவுசெய்தபோது, அது கன்னிமாரா வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இரவுகளில் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதியவை இவை.

மே 19: டப்ளினிலிருந்து கால்வே

இருபது பேருக்குச் சற்றுக் கூடுதலாக உட்காரக்கூடிய சிறிய பஸ். ஓட்டுநரே வழிகாட்டி. அறுபதைத் தாண்டியவர், கால்வே மாவட்டத்துக்காரர். நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலையில் இறங்கியதும், எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். எதிரே வருபவரும் அப்படியே செய்வார். அறிமுகம் தேவையில்லை, எதிர்ப்படுவதே போதும். பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். டப்ளின் நகரப் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள்கூட இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

உடன் வருபவர்களில் பாஸ்டனைச் சேர்ந்த முதியவர் ஒருவர் முதல் நிறுத்தத்திலேயே பேச்சுக் கொடுத்தார். அவருடைய கொள்ளுப்பாட்டி மேயோ மாவட்டத்திலிருந்து கப்பலேறியவராம். எந்த ஊர் என்று தெரியாது, மாவட்டத்தின் பெயர் மட்டும்தான் குடும்பத்தில் மிஞ்சியிருக்கிறது. பிரேசிலிலிருந்து இரு சகோதரிகள், ஜெர்மன் மாணவர்கள் சிலர். சேலை கட்டியிருந்தது நான் ஒருத்திதான். முழங்கால் வரை கோட்டும் உள்ளே கம்பளிக் காலுறையும் போட்டிருந்ததால் குளிர் தெரியவில்லை.

மதியம் ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்னாய்ஸ். 6-ஆம் நூற்றாண்டில் கியரன் என்ற துறவி நிறுவிய மடம். கூரையில்லாத கோயில்கள், சாய்ந்த கல்லறைக் கற்கள், 1135-இல் இடி விழுந்து தலை போன வட்டக் கோபுரம். விவிலியக் கதைகளைச் செதுக்கிய பெரிய கற்சிலுவைகளை மழையிலிருந்து காப்பதற்காக உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே அச்சாக அதே போன்ற நகல்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஆற்றுக் காற்று காதுக்குள் புகுந்து வலித்தது. காய்கறி சூப்பும் தவிட்டு ரொட்டியும் வெண்ணெயும் 8 யூரோ. ரொட்டி கொஞ்சம் இனிப்பாக, கனமாக, இன்னும் சூடாக இருந்தது. மரக்கறி உண்பவர்கள் அயர்லாந்தில் இந்த ஒரு உணவை நம்பிக் கிராமம் கிராமமாகப் போகலாம்.

கால்வேயில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. கடைத்தெருவில் பத்தடிக்கு ஒருவர் பாடிக்கொண்டிருந்தார்கள். கணவர் எட்டு மணிக்கே தூங்கிவிட்டார்.

மே 20: கன்னிமாரா, டூலாக், வெஸ்ட்போர்ட்

காலை உணவுக்கு ஓட்ஸ் கஞ்சி, முட்டை, வதக்கிய காளான், பாதியாக வெட்டிச் சுட்ட தக்காளி. பன்றியிறைச்சி வேண்டாம் என்று சொன்னதும் விடுதிக்காரப் பெண் தட்டைத் திரும்ப எடுத்துப்போய், தனி வாணலியில் முட்டை பொரித்துக் கொண்டுவந்தார். நாங்கள் கேட்காமலே செய்தார்.

கால்வேயைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே மரங்கள் மறைந்தன. பழுப்பு நிறச் சதுப்பு, நடுநடுவே கறுப்பு நீர் தேங்கிய குட்டைகள், பின்னால் மேகத்துக்குள் தலையை வைத்த மலைகள். சாலைப் பலகைகளில் ஆங்கிலம் போய் அயர்லாந்து மொழி மட்டும் நின்றது. ஓட்டுநர் வானொலியைத் திருப்பினார். 1972 முதல் அந்த மொழியிலேயே ஒலிபரப்பும் நிலையம். செய்தி வாசித்தவரின் குரலில் எனக்கு ஊர்ப்பெயர்கள் மட்டும் பிடிபட்டன. சதுப்பில் செங்கல் அளவுக்கு வெட்டிய கறுப்புக் கட்டிகளைச் சிறு கூம்புகளாக அடுக்கிக் காயவைத்திருந்தார்கள். அடுப்பெரிக்கும் எரிகரி அது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாசி மக்கிச் சேர்ந்தது. அதன் புகைக்கு ஒரு மண்வாசனை உண்டு. கதவு திறந்த வீடுகளைக் கடக்கும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் வந்தது.

கைல்மோர் மடாலயத்தில் கூட்டம் அதிகம். செல்வரான மிட்செல் ஹென்றி 1860-களில் மனைவிக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகை. மனைவி 1874-இல் எகிப்தில் இறந்தார். அவர் நினைவாக ஏரிக்கரையில் ஒரு சிறு தேவாலயமும் எழுப்பியிருக்கிறார். முதல் உலகப் போரில் பெல்ஜியத்திலிருந்து தப்பிவந்த கன்னியாஸ்திரீகள் 1920-இல் இங்கே குடியேறினார்கள். அழகான இடம்தான். ஆனால் அங்கே நின்று படமெடுத்த ஒரு மணி நேரத்தை விட, அடுத்து வந்த சாலைதான் என்னை விடவில்லை.

லீனான் கிராமத்தில் டீ குடித்தோம், 3 யூரோ. கடுப்பான டீ, பால் தனிக் குவளையில். பிறகு கில்லாரி நீர்முகத்தைச் சுற்றி மேயோ மாவட்டத்துக்குள் நுழைந்தோம். ஒரே ஒரு வண்டி போகக்கூடிய சாலை. இருபுறமும் செங்குத்தாக மலை, நடுவே நீண்ட கறுப்பு ஏரி. வீடில்லை, மின்கம்பம் இல்லை, முதுகில் நீலச்சாயமும் சிவப்புச்சாயமும் பூசிய ஆடுகள் மட்டும். சாயத்தை வைத்துத்தான் எது யாருடைய ஆடு என்று தெரிந்துகொள்கிறார்கள். "எவ்வளவு அமைதி!" என்றார் பிரேசில் சகோதரிகளில் ஒருவர். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கினார்.

"அந்தச் சரிவைப் பாருங்கள்" என்றார். புல்லுக்கு அடியில் இணைகோடுகளாக நீளமான மேடுகள், மலையின் பாதி உயரம் வரை. உருளைக்கிழங்குப் பாத்திகள். 1840-களில் கடைசியாக விதைத்தவை. அதற்குப் பிறகு அங்கே யாரும் எதுவும் விதைக்கவில்லை, மேடுகள் அப்படியே இருக்கின்றன. ஓர் உழைப்பாளி நாளைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் உருளைக்கிழங்கு தின்று உயிர்வாழ்ந்த ஊர்கள் இவை. வேறு உணவு வாங்கக் கையில் காசு இருந்ததில்லை. 1845-இல் கருகல் நோய் வந்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த ஆண்டு இன்னும் மோசம். தானியமும் கால்நடையும் துறைமுகங்கள் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. 1852-க்குள் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்துக்கு மேல் இருந்த தீவு, வடக்கையும் தெற்கையும் சேர்த்தால் இன்றும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அந்தப் பெண் வியந்த அமைதிக்குக் காரணம் இதுதான்.

ஏரிக்கரையில் மெலிந்த ஒரு கற்சிலுவை. டூலாக் துயரம், 1849 என்று செதுக்கியிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில், நிவாரணம் வேண்டி நூற்றுக்கணக்கானவர்கள் வடக்கே லூயிஸ்பர்க் ஊரில் கூடினார்கள். அவர்களைச் சோதிக்க வேண்டிய அதிகாரிகள் தெற்கே டெல்ஃபி மாளிகைக்குப் போய்விட்டிருந்தார்கள். மறுநாள் காலை அங்கே வந்து நிற்காவிட்டால் நிவாரணப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று உத்தரவு. ஏறக்குறைய 20 கிலோமீட்டர், கடுங்குளிர், பாதையே இல்லாத பள்ளத்தாக்கு. நடந்தே போய்ச் சேர்ந்தவர்களுக்கு உணவு எதுவும் தரப்படவில்லை. திரும்பும் வழியில், இந்த ஏரிக்கரையில் விழுந்து செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் ஒத்த கணக்கு இல்லை. அன்றைய பத்திரிகைக் கடிதம் சில பிணங்களைச் சொல்கிறது, ஊரார் நினைவு நூற்றுக்கணக்கில் சொல்கிறது. டெல்ஃபி மாளிகை இன்றும் இருக்கிறது, மீன்பிடிக்க வருபவர்கள் தங்குகிறார்கள்.

சிலுவையின் அடியில் காந்தியின் வாசகம். சக மனிதரைச் சிறுமைப்படுத்துவதில் மனிதர்கள் எப்படிப் பெருமை கொள்கிறார்கள் என்று கேட்கும் வாசகம். அட்லாண்டிக் கரையில், மழையில் நனைந்த கல்லில் காந்தியின் பெயரைப் பார்த்ததும் கணவர் தொப்பியைக் கழற்றினார்.

லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தை நடத்திய அதிகாரியின் பெயரைப் பஸ்ஸில் ஏறும்போது ஓட்டுநர் சொன்னார்: சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தையில் அரசு குறுக்கிடக் கூடாது என்பதில் பிடிவாதமானவர். பஞ்சம் முடியும் முன்பே, 1848-இல், பணியைப் பாராட்டி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். "இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரியும். பாட்டு ஒன்றிலேயே இருக்கிறது" என்றார் ஓட்டுநர்.

என் கணவர் தெற்கு ரயில்வேயில் சென்ட்ரலுக்கு அருகில் வேலை பார்த்தவர். ட்ரெவெல்யன் 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தார் என்பதும், சென்ட்ரலை ஒட்டி பீப்பிள்ஸ் பார்க்கை அமைத்தவர் அவர்தான் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் எல்லாம் பின்னாளில் எழுந்தது அந்தப் பூங்காவின் நிலத்தில்தான். ஓட்டுநரிடம் இதைச் சொன்னார். அவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"உங்கள் ஊரில் அவரை எப்படி நினைக்கிறார்கள்?"

"நல்ல ஆளுநர் என்று. வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் ஒரே ஆண்டில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மக்கள் மேல் அக்கறை உள்ளவர் என்றுதான் படித்திருக்கிறேன்."

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த திருப்பத்தில் எதிரே வந்த வேனுக்கு வழிவிட ஒதுங்கியபோது சாலையோரக் கல் கிழித்து டயர் போனது. செல்பேசியில் சிக்னல் இல்லை. மழை கனத்தது. உதவிக்கு ஆள் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும் பாதிப்பேர் கீழே இறங்கி நின்றோம். கோட்டு, காலுறை, தோல் செருப்பு எல்லாம் இருந்தும் கால்மணி நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. மே மாதத்திலேயே இப்படி. மார்ச்சில், வெறுங்காலில், வெறும் வயிற்றோடு வந்தவர்களை அந்தக் கால்மணி நேரம் முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடு மேய்க்கும் ஒருவர் பழைய பிக்கப் வண்டியில் வந்தார். நாய் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தது. அதைப் பின்னால் அனுப்பிவிட்டு, முதியவர்களாகிய எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு வடக்கே இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி அடுப்பில் எரிகரிக் கட்டிகளைத் தள்ளி, ஈரக் கோட்டுகளை நாற்காலி முதுகில் விரித்தார். டீ, ரொட்டி, வீட்டிலேயே செய்த ருபார்ப் ஜாம். எவ்வளவு குடித்தாலும் கோப்பை நிறைந்துகொண்டே இருந்தது. பாஸ்டன்காரர் கொள்ளுப்பாட்டியின் குடும்பப் பெயரைச் சொன்னதும், அந்த அம்மாள் யோசித்து, மலைக்கு அந்தப்புறம் அப்பெயரில் இரண்டு குடும்பங்கள் இருப்பதாகச் சொல்லி ஊர்ப்பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் காகிதத்தை வாங்கியபடி நெடுநேரம் பேசவில்லை. கிளம்பும்போது நான் பணப்பையைத் திறந்தேன். அந்த அம்மாள் என் கையை மூடி, "மழையில் வந்தவர்களிடம் காசு வாங்குவார்களா?" என்று கேட்டார்.

வெஸ்ட்போர்ட் வந்துசேர இரவு எட்டு. சுற்றுலா நிறுவனம் எங்கள் அறையை வேறு நாளுக்குப் பதிவுசெய்திருந்தது. அரைமணி நேரம் ஈரக்காலோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தோம். பணம் கட்டிய பயணிகளை அப்படி வைத்திருக்கக் கூடாது. விடுதிப் பெண் கொண்டுவந்த கம்பளிக்கும் இஞ்சி பிஸ்கட்டுக்கும் நன்றி.

மே 21: மலையடிவாரம், கூல் பார்க், பர்ரன்

வெயில்! வெஸ்ட்போர்ட்டுக்கு வெளியே 764 மீட்டர் உயரமுள்ள க்ரோ பேட்ரிக் மலை முழுவதும் தெரிந்தது. ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆயிரக்கணக்கானவர்கள் இதில் ஏறுகிறார்கள், சிலர் வெறுங்காலில். அடிவாரத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு வெண்கலக் கப்பல். கயிறுகளுக்குப் பதில் எலும்புக்கூடுகள் பாய்மரங்களைச் சுற்றிப் பறக்கின்றன. சிற்பி ஜான் பீஹன் செய்தது, 1997-இல் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்துவைத்தார். பஞ்சத்துக்கான தேசிய நினைவுச் சின்னம். ஒரு நாடு தன் அழகான கடற்கரையில் இதை வைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததை மதிக்கிறேன்.

தெற்கே திரும்பும் வழியில் கார்ட் ஊருக்கு அருகே கூல் பார்க். டப்ளினின் ஆபி நாடக அரங்கை உருவாக்கியவர்களில் ஒருவரான லேடி கிரெகரி வாழ்ந்த இடம். வீடு 1941-இல் இடிக்கப்பட்டுவிட்டது. எழுத்தாளர்கள் பெயரைச் செதுக்கிய ஒரு மரம், ஏரி, அன்னங்கள். சுற்றுலாப் பலகைகள் அனைத்தும் அந்த அம்மையாரைப் பற்றியே பேசுகின்றன. அவர் கணவர் வில்லியம் கிரெகரியைப் பற்றி ஓட்டுநரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1847-இல் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த அவர், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார். சோறு வேண்டுமானால் நிலத்தை விட வேண்டும். பல்லாயிரம் குடும்பங்கள் விட்டன. பின்னர் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர் அவர். நுவரெலியாவின் கிரெகரி ஏரிக்கு அவர் பெயர்தான். கொழும்பு அருங்காட்சியகத்தை நிறுவியவரும் அவரே.

அந்த ஏரிக்கரையில் எத்தனை பேர் குதிரை சவாரி செய்து, வேகவைத்த சோளம் தின்று திரும்பியிருப்பார்கள்! அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் நம்மவர்கள். அவர்களில் பலரைக் கப்பலேற்றியதும் பஞ்சம்தான். ஆளுநர்கள் ஊர் மாறினார்கள், பசித்தவர்களைக் கணக்குப் பார்க்கும் முறை மாறவில்லை.

பர்ரன் பகுதி முழுவதும் சுண்ணாம்புக் கல். மலையே வெட்டிப் பாளம் பாளமாக விரித்த தரை. மனிதனை முக்கத் தண்ணீரில்லை, தூக்கிலிட மரமில்லை, புதைக்க மண்ணில்லை என்று ஆங்கிலேயத் தளபதி க்ராம்வெல்லின் படைத்தலைவர் ஒருவர் இதைச் சொன்னாராம். ஆனால் குனிந்து பார்த்தால் கல்லிடுக்கில் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் ஜென்ஷியன் பூக்கள். ஆல்ப்ஸ் மலையில் பூப்பதும் மத்தியதரைக் கடலோரம் பூப்பதும் இங்கே ஒரே கல்லில் பூக்கின்றன. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பூல்னபிரோன் கல்திட்டையைக் கயிறு கட்டிக் காக்கிறார்கள். 1980-களில் தோண்டியபோது முப்பதுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன.

பாலிவாகனிலிருந்து மேலேறும் கார்க்ஸ்க்ரூ மலைச்சாலை கொல்லிமலைப் பாதை போலச் சுழன்று சுழன்று போகிறது. கணவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஞ்ச காலத்தில் கூலிக்கு உணவு என்று போட்ட சாலை என்று ஓட்டுநர் சொன்னதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டியது 1877, 78-இல் தாது வருடப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான். கணவர் சேலம் பக்கத்துக்காரர். அவருடைய பாட்டி, தன் தாயிடம் கேட்டதாகக் கற்றாழைக் கிழங்கைத் தோண்டித் தின்ற கதையைச் சொல்வாராம். நாள் முழுதும் மண் சுமப்பவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அன்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலி நிர்ணயித்தார். நமக்கு அந்தப் பஞ்சம் கும்மிப் பாட்டுகளில் இருக்கிறது. கால்வாய்க்கரையில் அதை வெட்டியவர்களுக்கு ஒரு கல்லைக்கூட நான் பார்த்ததில்லை. இருக்க வேண்டும் என்று இன்று உறுதியாகத் தோன்றுகிறது.

இரவு டூலின் கிராமத்தில் ஒரு பப். மேடை கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிடில், கான்செர்ட்டினா, புல்லாங்குழல் வாசித்தார்கள். சிறுமி ஒருத்தி வந்ததும் பெரியவர்கள் நகர்ந்து இடம்கொடுத்தார்கள். அவள் ஒரு மெட்டைத் தொடங்க, மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மது அருந்தாத எங்களை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. டீ கேட்டதும் பிஸ்கட்டோடு வந்தது.

மே 22: மோஹர், படகு

மோஹர் பாறைமுகத்தில் பத்தடி தூரம்கூடத் தெரியாத பனிமூட்டம். 214 மீட்டர் கீழே கடல் இரைவது மட்டும் கேட்டது. சிலர் சலித்துக்கொண்டு கடைக்குள் போனார்கள். நாங்கள் நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திரை விலகியது. அடுக்கடுக்கான கறுப்புச் சுவர்கள் கடலுக்குள் வரிசையாக நின்றன, நடுவில் நூற்றுக்கணக்கான பறவைகள். பிறகு மீண்டும் மூடிக்கொண்டது. கணவரின் தொப்பி காற்றோடு போய்விட்டது. கடையில் கம்பளித் தொப்பி 18 யூரோ. விலை அதிகம்தான், ஆனால் தரம் நன்று.

ஷானன் முகத்துவாரத்தைப் படகில் கடக்க இருபது நிமிடம். பஸ்ஸையும் ஏற்றிக்கொள்கிறார்கள். மாலை டிங்கிள் ஊரில், நான் கேட்ட காய்கறித் தட்டில் உருளைக்கிழங்கு மசியலும், சுட்ட உருளைக்கிழங்கும், பக்கத்தில் ஒரு கிண்ணம் சிப்ஸும் வந்தன, 17 யூரோ. எதையும் மிச்சம் வைக்க மனம் வரவில்லை.

மே 23: ஸ்லீ முனை

பயணத்தின் மிக அழகான காலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கடல், இடையில் பஸ்ஸுக்கு அளவெடுத்த சாலை. எதிரே வந்த கார்கள் தாமாகவே பின்வாங்கி இடம்விட்டன, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கலாரஸ் என்னுமிடத்தில் சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சிறு வழிபாட்டு அறைக்குள் நின்றோம். வெளியே மழைத் தூறல், உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

எதிரே கடலில் பெரிய பிளாஸ்கெட் தீவு. அங்கே எஞ்சியிருந்த கடைசிக் குடும்பங்களை 1953-இல் அரசு கரைக்குக் கொண்டுவந்தது. கூரையில்லாத வீடுகள் கரையிலிருந்தே தெரிகின்றன. இளைஞர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய்விட, படகு வலிக்க ஆளில்லாமல் போனது. பாஸ்டன்காரர், "ஸ்பிரிங்ஃபீல்டு எங்கள் மாநிலம்தான், அந்தத் தெருக்களை எனக்குத் தெரியும்" என்றார். அவர் நாளை எங்களோடு டப்ளின் திரும்பவில்லை. காகிதத்தில் எழுதியிருந்த ஊருக்குப் போக டிரலீயில் இறங்கிக்கொள்கிறார். எங்கள் முகவரியை வாங்கிக்கொண்டார், என்ன கிடைத்தது என்று எழுதுவாராம்.

மே 24: டப்ளின்

நெடுந்தூரம், நெடுஞ்சாலை, நல்ல தூக்கம். ஓட்டுநர் விடைபெறும்போது என் கணவரின் கையைப் பிடித்து, "அந்தப் பூங்கா இப்போதும் இருக்கிறதா?" என்று கேட்டார். ஒரு மூலை மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் கட்டடம் என்று கணவர் சொன்னார். ஓட்டுநர் தலையசைத்தார்.

மகள் கஸ்டம் ஹவுஸ் கரைக்கு வந்து காத்திருந்தாள். ரோவன் கில்லெஸ்பி செய்த வெண்கல உருவங்கள் அங்கே லிஃபி ஆற்றோரம் கப்பலை நோக்கி நடக்கின்றன. துணிமூட்டையை நெஞ்சோடு அணைத்த பெண், தோளில் பிள்ளையைப் போட்டுச் சுமக்கும் ஆண், பின்னால் ஒரு மெலிந்த நாய். அலுவலகம் விட்டவர்கள் அவற்றின் ஊடே நடந்து போனார்கள். மகள் தினமும் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். "எத்தனையோ முறை கடந்திருக்கிறேன் அம்மா, நீங்கள் சொன்ன பிறகுதான் நின்று பார்க்கிறேன்" என்றாள்.

1847 மே மாதத்தில் ராஸ்காமன் மாவட்டம் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையிலிருந்து 1,490 பேர் நிலவுடைமையாளரால் அனுப்பப்பட்டு, கனடாவுக்குக் கப்பலேற டப்ளின் வரை நடந்தார்கள். அவர்கள் நடந்த வழியை ராயல் கால்வாய்க் கரையோரமாக 165 கிலோமீட்டர் நடைபாதையாக அடையாளமிட்டிருக்கிறார்கள். வழியில் வெண்கலத்தில் வார்த்த குழந்தைச் செருப்புகள் இருக்கின்றன. பாதை இந்தக் கரையில்தான் முடிகிறது என்று மகள் பலகையைப் படித்துச் சொன்னாள். ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகையில் இப்போது தேசியப் பஞ்ச அருங்காட்சியகம்.

முழுவதையும் நடக்க எங்களால் ஆகாது. ஆனால் முல்லிங்கர் ஊர் வரை ரயில் போகிறது, அங்கே கால்வாய்க்கரை தட்டையான மண்பாதை. மகளுக்கு ஜூனில் விடுப்பு இருக்கிறது. ஒரு காலையில் முடிகிற தூரம் நடந்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பலாம் என்று முடிவாகியிருக்கிறது. கணவருக்கு மழைக்கு ஏற்ற செருப்பு ஒன்று வாங்க வேண்டும்.